கட்டட சைட்டுக்கு ஒரு செயலி வடிவமைப்பது எப்படி?

சென்னைப் புறநகரில் நான்கு மாடி அடுக்ககம் ஒன்று எழும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். காலை எட்டரைக்கு மேஸ்திரி ஆட்களை எண்ணிச் சட்டைப்பை நோட்டில் கோடு போடுகிறார். சிமென்ட் லாரி வந்ததும் ஸ்டோர்காரர் பில்லின் பின்பக்கத்தில் மூட்டைக் கணக்கை எழுதிக்கொள்கிறார். சைட் இன்ஜினியர் கம்பிக் கட்டைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார். இரவு ஏழு மணிக்கு மேல் அதே இன்ஜினியர் ஒவ்வொருவரையும் கேட்டுக் கேட்டு எக்செல் தாளில் ஏற்றி அலுவலகத்துக்கு அனுப்புகிறார். சனிக்கிழமை கூலி பட்டுவாடா நேரத்தில் மேஸ்திரி நோட்டில் ஒரு கணக்கு, அலுவலகத் தாளில் வேறொரு கணக்கு.

இப்படிச் சிதறிக் கிடக்கும் பதிவுகளை, அவை நடக்கும் இடத்திலேயே ஒரே முறை பிடித்துவைப்பதுதான் சைட் செயலியின் வேலை. நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு இது சுலபமாகத் தோன்றும்: நான்கு படிவங்கள், ஒரு சர்வர், ஒரு அறிக்கை. ஆனால் அலுவலக மேசையில் அழகாக ஓடும் செயலி, சைட்டில் பத்தாம் நாளே கைவிடப்படுகிறது. ஏன் என்று தெரிந்துகொண்டு தொடங்கினால் பாதி வேலை மிச்சம்.

பதிவது யார், பலன் யாருக்கு?

முதல் திரையை வரையும் முன் ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள். இடப்பக்கம் தகவலைப் பதிபவர், வலப்பக்கம் அதனால் பலன் பெறுபவர். வருகையைப் பதிவது மேஸ்திரி, பார்ப்பது அலுவலகம். படம் எடுப்பது சைட் இன்ஜினியர். பார்ப்பது திட்ட மேலாளர். பெரும்பாலான வரிகளில் இரண்டு பக்கமும் வேறு வேறு ஆட்கள் இருப்பார்கள். உழைப்பு ஒருவருக்கு, பலன் இன்னொருவருக்கு என்று இருக்கும் வரி ஒவ்வொன்றும் செயலி உடையப்போகும் இடம்.

அதற்கு மாற்று ஒன்றுதான்: பதிபவருக்குச் சீக்கிரமே ஏதாவது திரும்பக் கிடைக்க வேண்டும். மேஸ்திரி காலையில் ஆள் கணக்கைப் போட்டால், வெள்ளிக்கிழமை மாலையே குழுவின் மொத்தக் கூலி, அட்வான்ஸ் கழிவு, கைக்கு வர வேண்டிய தொகை மூன்றும் அவர் திரையில் தயாராக இருக்க வேண்டும். இன்ஜினியர் பகலில் பதிந்தவற்றிலிருந்து தினசரி அறிக்கை தானாக உருவாக வேண்டும். இரவு எக்செல் வேலை நின்றுபோக வேண்டும். நின்றால் அவர் செயலியை விடமாட்டார். நிற்கவில்லை என்றால், அவருக்கு அது கூடுதல் வேலை.

ஆள் கணக்கு: இங்கிருந்து தொடங்குங்கள்

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்ய வேண்டாம். வருகைப் பதிவு தினமும் நடப்பது, பணத்தோடு நேரடியாகச் சேர்ந்தது, தவறினால் உடனே தெரிவது. எனவே முதல் பகுதியாக அதை எடுப்பதே சரி.

சைட்டில் வருகை என்பது "வந்தார், வரவில்லை" என்ற இரண்டோடு முடிவதில்லை. அரை நாள் உண்டு. இரவு கான்கிரீட் போட்டால் ஒன்றரை நாள் உண்டு. கொத்தனாருக்கு ஒரு கூலி, பெரியாளுக்கு ஒன்று, சித்தாளுக்கு ஒன்று. நேற்று சித்தாளாக இருந்தவர் இன்று கம்பி கட்டப் போயிருக்கலாம். அப்போது அன்றைய கூலி மாறும். ஆகவே கூலி விகிதத்தை ஆளின் பெயரோடு மட்டும் கட்டிவைக்காமல், ஆள், நாள், வேலை மூன்றோடும் சேர்த்துச் சேமிக்க வேண்டும். இதை ஆரம்பத்தில் விட்டுவிட்டால், விகிதம் உயரும்போது பழைய வாரங்களின் கணக்கும் சேர்ந்து மாறிவிடும். இந்தத் தவறு பல செயலிகளில் இருக்கிறது.

திரையில் நேற்று வந்தவர்களின் பட்டியல், படத்தோடு, எல்லோரும் "1 நாள்" என்று குறிக்கப்பட்டே திறக்கட்டும். மேஸ்திரி வராதவரை மட்டும் தொடுவார். ஒரு முறை தொட்டால் ½, இரண்டாம் முறை 0, மூன்றாம் முறை 1½, நான்காவது மறுபடியும் 1. 45 பேர் உள்ள குழுவில் ஒவ்வொருவருக்கும் மூன்று தொடுதல் என்றால் 135. விதிவிலக்குகளை மட்டும் கேட்டால் பெரும்பாலான நாட்களில் பத்துப் பதினைந்தோடு முடியும். பட்டியலைச் சரிபார்த்தபின் கடைசியில் மொத்தம் பெரிய எழுத்தில் வர வேண்டும்: "கொத்தனார் 8, பெரியாள் 12, சித்தாள் 14½". மேஸ்திரி மனதில் வைத்திருப்பது இந்த மொத்தத்தைத்தான். அது பொருந்தவில்லை என்றால் அவரே தேடித் திருத்துவார்.

கைரேகைக் கருவி வைத்தால் ஏமாற்ற முடியாது என்ற எண்ணம் பலருக்கு உண்டு. சிமென்ட் காரத்தன்மை கொண்டது. செங்கல்லும் ஜல்லியும் தோலைத் தேய்ப்பவை. ஆண்டுக்கணக்கில் கொத்து வேலை செய்த விரலில் ரேகை மழுங்கியிருக்கும். நேர்மையாக வந்தவரையே கருவி ஏற்க மறுக்கும். முகப் பதிவும் ஹெல்மெட், தூசித் துணி, அதிகாலை இருட்டு ஆகியவற்றில் தடுமாறும். அது சரியாக வேலை செய்தாலும், ஒருவருக்கு 20 நொடி என்றால் 60 பேருக்கு 20 நிமிடம் வரிசை. அந்த 20 நிமிடத்துக்குக் கூலி உண்டா என்ற கேள்விக்கு முதலில் பதில் வைத்திருக்க வேண்டும். மேஸ்திரி பட்டியலும், குழுவாக எடுத்த ஒரே ஒரு படமும் பெரும்பாலான சைட்டுகளுக்குப் போதும்.

திருத்தம் செய்ய வழி இருக்க வேண்டும். அழிக்க வழி இருக்கக் கூடாது. செவ்வாய்க்கிழமை அரை நாளை முழு நாளாக மாற்றினால், யார், எப்போது மாற்றினார் என்பது அந்த வரியிலேயே தெரிய வேண்டும். நோட்டில் அடித்து எழுதினால் அடித்தது தெரியும் அல்லவா, அதே நம்பிக்கை இங்கேயும் வேண்டும்.

இனி தொழிலாளியின் பக்கம். பலரிடம் பட்டன் போன்தான் இருக்கும்; ஊருக்குப் போய் வந்தால் எண்ணும் மாறும். அவரிடம் செயலியைத் திணிக்க வேண்டியதில்லை. வார இறுதியில் ஒரு எஸ்எம்எஸ் போதும். தமிழில் அனுப்பும் எஸ்எம்எஸ் ஒன்றில் 70 இடங்கள்தான். ஆங்கில எழுத்துக்கு 160. தமிழில் "கூ" போன்ற எழுத்து இரண்டு இடம் பிடிக்கும். "நாள் 5.5, கூலி 4950, அட்வான்ஸ் 1000, கையில் 3950" என்பது 48 இடம், சொல்ல வேண்டியது எல்லாம் அடங்கிவிடுகிறது. இந்தியாவில் நிறுவனங்கள் அனுப்பும் எஸ்எம்எஸ் வாசகத்தை, தொலைத்தொடர்பு நிறுவனங்கள் நடத்தும் டிஎல்டி என்ற பதிவு முறையில் முன்பே பதிவுசெய்ய வேண்டும். வெளியிடும் நாளுக்கு முதல் நாள் நினைவுக்கு வந்தால் தாமதம்தான். பீகார், ஒடிசா, மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்களுக்கு இந்தி, ஒடியா, வங்காள வாசகங்களையும் சேர்த்துப் பதிவுசெய்யுங்கள்.

இந்தப் பதிவுக்கு இன்னொரு மதிப்பும் உண்டு. கட்டுமானத் தொழிலாளர்களுக்கான மத்தியச் சட்டப்படி, 18 முதல் 60 வயதுக்குள் இருப்பவர், முந்தைய 12 மாதங்களில் 90 நாளாவது கட்டட வேலை செய்திருந்தால் நலவாரியப் பயனாளியாகப் பதிய முடியும். வேலை செய்த நாட்களைத் தேதியோடு அச்சிட்டுத் தரும் ஒரு பொத்தானை வையுங்கள். எழுத ஒரு நாள் ஆகும். அந்தத் தாளை வாங்கிச் செல்பவருக்கு அது ஆண்டு முழுவதும் பயன்படும்.

ஆதார் அட்டைப் படத்தை மேஸ்திரியின் போனில் சேர்த்துவைக்க வேண்டாம். எந்த நோக்கத்துக்கு என்று சொல்லி, சம்மதம் வாங்கி, அதற்கு மட்டுமே தகவலைப் பயன்படுத்த வேண்டும் என்பதுதான் 2023-இல் இயற்றப்பட்ட தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் சாரம். பெயர், படம், வேலை வகை, போன் எண் இருந்தால் கூலிக் கணக்கு நடக்கும்.

வெயில், தூசி, ஈரக் கை

அலுவலக அறையின் வெளிச்சம் சுமார் 500 லக்ஸ். நண்பகல் வெயில் ஒரு லட்சம் லக்ஸை எட்டும். வெளிர் சாம்பல் எழுத்தும் கறுப்புப் பின்னணியும் அங்கே கண்ணுக்குத் தெரியாது. கறுப்புத் திரை கண்ணாடிபோல முகத்தைத்தான் காட்டும். வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்தே மொட்டை மாடிக்கு ஏற்றது. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாடு 4.5-க்கு 1 இருந்தால் போதும் என்பது பொதுவான இணைய விதி. சைட்டுக்கு அதே விதியின் கடுமையான படியான 7-க்கு 1-ஐக் குறைந்தபட்சமாக வையுங்கள். வெயிலில் சூடேறிய போன் தானாகவே திரையின் ஒளியைக் குறைத்துக்கொள்ளும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஆண்ட்ராய்டு வழிகாட்டுதல் பொத்தானுக்குக் குறைந்தது 48 டிபி (ஆண்ட்ராய்டில் திரை அளவைக் குறிக்கும் அலகு) கேட்கிறது; கையால் அளந்தால் சுமார் 9 மி.மீ. சிமென்ட் தூசி படிந்த திரை, வியர்வை விரல் என்றால் 64 முதல் 72 டிபி வரை வேண்டும். திரையில் ஈரம் பட்டால் தொடாத இடத்தையும் தொட்டதாக எடுத்துக்கொள்ளும். ஆகவே "அனுப்பு" பொத்தானை ஒட்டி "நீக்கு" பொத்தான் இருக்கவே கூடாது. இழுப்பது, அழுத்திப் பிடிப்பது போன்ற மறைவான சைகைகள் வேண்டாம். கான்கிரீட்டை இறுக்கும் வைப்ரேட்டர் ஓடும்போது போனின் ஒலி காதில் விழாது. பதிவு ஏறியதற்கு அடையாளமாகப் போன் அதிரட்டும், திரை பச்சையாகட்டும். சிவப்பு பச்சை வேறுபாடு தெரியாதவர்களுக்காக "✓" குறியும் சேரட்டும்.

சாரத்தில் நிற்பவர் போனை எடுத்துப் பார்க்கும்படி எந்த அறிவிப்பும் போகக் கூடாது. அவசரம் என்றால் மேற்பார்வையாளருக்குப் போகட்டும். அவர் கூப்பிட்டுச் சொல்வார்.

சிக்னல் இல்லாத இடத்தில் என்ன ஆகும்?

கீழ்த்தளக் கார் நிறுத்தம், லிஃப்ட் குழி, சுற்றிலும் கான்கிரீட் சுவர் எழுந்த பிறகான உள் அறைகள்: இங்கெல்லாம் சிக்னல் விழுந்துவிடும். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தால், மேஸ்திரி இரண்டாம் முறை காத்திருக்க மாட்டார். எனவே பதிவு முதலில் போனிலேயே, எஸ்க்யூலைட் போன்ற உள்தரவுத்தளத்தில் விழ வேண்டும். "சேமி" தொட்ட நொடியே முடிந்தது. சர்வருக்கு அனுப்புவது பின்னணியில், சிக்னல் கிடைக்கும்போது நடக்கட்டும்.

இதில் புதியவர்கள் சறுக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, இரட்டைப் பதிவு. போன் "50 மூட்டை வந்தது" என்று அனுப்பிவிட்டது, சர்வரும் ஏற்றுக்கொண்டது, "கிடைத்தது" என்ற பதில் வரும் வழியில் சிக்னல் போய்விட்டது. போன் மறுபடி அனுப்பும். கணக்கில் 100 மூட்டை ஏறும். பதிவு உருவாகும்போதே போன் அதற்கொரு தனி அடையாள எண்ணைக் கொடுத்துவிட்டால், அதே எண் இரண்டாம் முறை வரும்போது சர்வர் ஒதுக்கிவிடும்.

மற்றது, இருப்புக் கணக்கு. ஸ்டோரில் 200 மூட்டை இருப்பதாக இரண்டு போன்களிலும் இருக்கிறது. சிக்னல் இல்லாத நேரத்தில் ஸ்டோர்காரர் 50 மூட்டை கொடுக்கிறார். அவர் போனில் 150. இன்ஜினியர் வேறு பக்கம் 30 மூட்டை கொடுத்ததைப் பதிகிறார். அவர் போனில் 170. இரண்டு போன்களும் இருப்பை அனுப்பினால், கடைசியாக வந்த எண் நிலைக்கும். 150 அல்லது 170, இரண்டுமே தவறு. "50 வெளியே", "30 வெளியே" என்று அசைவுகளை மட்டும் அனுப்பி, இருப்பைச் சர்வர் கூட்டிக் கழித்தால் 120 என்ற சரியான விடை வரும். கடைக்காரர் பேரேடு எழுதும் முறைதான் இது: வரவு, செலவு வரிகளை எழுதுகிறோம், இருப்பு அவற்றிலிருந்து பிறக்கிறது.

படங்களை எழுத்துக்குப் பின்னால் வரிசையில் நிறுத்துங்கள். இன்றைய கேமரா படம் ஒன்று 4, 5 எம்.பி. வரை போகும். நீளப் பக்கத்தை 1600 பிக்சலுக்குச் சுருக்கினால் சில நூறு கே.பி.க்குள் வரும், கம்பி இடைவெளியும், கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் பிளாக்கும் அதில் நன்றாகவே தெரியும். வாட்ஸ்அப் படங்களால் நினைவகம் நிறைந்த போனில் புதிய படம் சேமிக்க முடியாமல் போவதும் அடிக்கடி நடக்கும். படம் எடுக்கும் முன்பே இடம் இருக்கிறதா என்று செயலி பார்த்துச் சொல்ல வேண்டும். போனின் கடிகாரம் தவறாக இருக்கலாம் என்பதால், போன் நேரத்தையும் சர்வருக்கு வந்த நேரத்தையும் தனித்தனியே வையுங்கள். திரையின் மேல் ஓரத்தில் "3 பதிவு காத்திருக்கிறது" என்ற எண் எப்போதும் தெரியட்டும்.

ஜி.பி.எஸ்.ஸை நம்பி இடத்தைக் குறிக்க வேண்டாம். கட்டடத்துக்குள் அது தடுமாறும், எந்த மாடி என்றும் சொல்லாது. "பி பிளாக், 3-ஆம் மாடி, 304, குளியலறை" என்று தொட்டுத் தேர்வதே நம்பகமானது. கதவு நிலையில் க்யூஆர் ஒட்டினால் வேகம் கூடும். பூச்சு வேலையில் அது மறைந்துவிடும் என்பதால், பட்டியலில் தேர்வதும் கூடவே இருக்கட்டும்.

கான்கிரீட் நாள்: ஒரு படிவத்தை முழுதாகப் பார்ப்போம்

நல்ல படிவம் கேட்பதைவிட அதிகமாகத் திருப்பித் தரும். ஒரு கூரைத் தளத்துக்கு 60 கன மீட்டர் ரெடிமிக்ஸ் வருகிறது. லாரிக்கு 6 கன மீட்டர் என்றால் 10 லாரி. ஒவ்வொரு லாரிக்கும் கேட்க வேண்டியவை: சலான் எண், பிளான்ட்டில் ஏற்றிய நேரம், வந்த நேரம், ஸ்லம்ப் அளவு (கலவையின் தளர்வு), இறக்கி முடித்த நேரம், சலானின் படம். அவ்வளவே. எம்25 என்ற தரம் முதல் லாரியில் ஒரு முறை பதிந்தால் மற்றவற்றுக்குத் தொடரட்டும்.

இனி செயலி செய்ய வேண்டியது. இந்தியத் தர விதிநூலான ஐ.எஸ். 4926 படி, இறுகுவதைத் தாமதப்படுத்தும் கலவை சேர்க்காதபோது, ஏற்றியதிலிருந்து 2 மணி நேரத்துக்குள் லாரி இறக்கி முடிக்க வேண்டும். ஏற்றிய நேரத்தைப் பதிந்ததும் மீதமுள்ள நிமிடங்கள் பெரிதாக ஓடட்டும். ஐ.எஸ். 456:2000 அட்டவணைப்படி 60 கன மீட்டருக்குக் குறைந்தது 5 மாதிரி, மாதிரிக்கு 3 கியூப் (வலிமையைச் சோதிக்க வார்க்கும் கான்கிரீட் கட்டி), ஆக 15 கியூப். எந்த லாரியில் எடுத்தது என்பதோடு கியூப் எண்ணையும் செயலியே கொடுக்கலாம். ஜூன் 3-இல் போட்ட கான்கிரீட்டின் 28-ஆம் நாள் சோதனை ஜூலை 1; அன்று காலை இன்ஜினியர் திரையில் அது இருக்க வேண்டும். தண்ணீர் விடுவதற்கான நினைவூட்டல் சாதாரண சிமென்ட்டுக்குக் குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த பிபிசி போன்றவற்றுக்குக் குறைந்தது 10 நாள்.

ஒரு இடத்தில் மிகுந்த கவனம் வேண்டும். 4.5 மீட்டர் வரை நீளும் கூரையைத் தாங்கும் சென்ட்ரிங் முட்டுகளை எடுக்க 7 நாள், அதைவிட நீண்டால் 14 நாள் என்று ஐ.எஸ். 456 சொல்கிறது. அந்த எண்ணிக்கை சாதாரண போர்ட்லாண்ட் சிமென்ட்டுக்கானது. இங்கே பல சைட்டுகளில் ஓடுவது பிபிசி, அதற்குக் காலம் நீளும். "7 நாள் ஆயிற்று, சென்ட்ரிங் பிரிக்கலாம்" என்று செயலி மேஸ்திரிக்குச் செய்தி அனுப்பினால் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். "இந்தத் தேதிக்கு முன் தொடக் கூடாது" என்பது மட்டுமே அவருக்குப் போக வேண்டும். பிரிக்கும் அனுமதியை இன்ஜினியர் தன் பெயரில், கியூப் முடிவைப் பார்த்துத் தர வேண்டும்.

சைட்டில் புழங்கும் சொல்லும் அளவும்

"சமர்ப்பி", "உள்நுழை" போன்ற மொழிபெயர்ப்புகளைவிட "அனுப்பு", "திற" என்பவை உடனே புரியும். "வடிவப்பலகை" என்று எழுதாதீர்கள். சைட்டில் அது சென்ட்ரிங். சில சொற்கள் ஏமாற்றும். தனி வீடு கட்டுபவருக்குப் "பேஸ்மென்ட்" என்றால் தரைக்கு மேல் எழுப்பும் பீடம். அடுக்ககத்தில் அதுவே நிலத்தடிக் கார் நிறுத்தம். "தளம்" என்பது மாடியா, கான்கிரீட்டா, சைட்டா என்பதும் குழப்பமே. இத்தகைய சொற்களுக்குப் பக்கத்தில் சிறிய படம் வையுங்கள்.

அளவுகளில் ஜல்லியும் எம்-சாண்டும் யூனிட்டில் பேசப்படும்: ஒரு யூனிட் 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். பரப்பு சதுரத்தில்: ஒரு சதுரம் 100 சதுர அடி. வரைபடம் மி.மீ.யில், கொத்தனார் அடி, இஞ்சில். கம்பி டன்னில் வாங்கப்பட்டு எண்ணிக்கையில் செலவாகும், 12 மி.மீ. கம்பி மீட்டருக்கு 0.888 கிலோ, 12 மீட்டர் நீளம் 10.66 கிலோ, டன்னுக்குச் சுமார் 94 கம்பி. பழகிய அளவில் பதியவிட்டு, மாற்றும் வேலையைச் செயலி செய்யட்டும். ஆனால் எடைமேடைச் சீட்டின் எடையைத் தனியாகச் சேமியுங்கள். கணக்கிட்ட எடையும் வந்த எடையும் எப்போதும் சற்று வேறுபடும், அந்த வேறுபாடே பில்லைச் சரிபார்க்க உதவும்.

தமிழ் எழுத்துக்கு மேலும் கீழும் இடம் வேண்டும். ஆங்கிலத்துக்கு அளந்த பொத்தானில் "கூலி"யின் கால் வெட்டுப்படும். வரி உயரத்தை எழுத்தளவின் ஒன்றரை மடங்குக்குக் குறையாமல் வையுங்கள். சொற்கள் நீளம் என்பதால் இரண்டு வரிக்கு இடம் விடுங்கள்.

வரைபடங்களைப் பற்றிச் சுருக்கமாக: பெரிய தாளை அப்படியே ஆறு இஞ்சுத் திரையில் காட்டிப் பயனில்லை, அறைவாரியாகத் துண்டாக்குங்கள். திருத்த எண்ணும் தேதியும் ஒவ்வொரு துண்டிலும் தெரியட்டும். போனில் பழைய திருத்தம் தங்கிவிடுவதுதான் பெரிய அபாயம். கடைசியாகச் சர்வரோடு ஒப்பிட்டு ஒரு நாளுக்கு மேல் ஆகியிருந்தால், வரைபடத்தின் குறுக்கே "சரிபார்க்கவில்லை" என்று வர வேண்டும்.

சோதித்துப் பார்ப்பது

நிரல் எழுதும் முன், திரைகளைப் போன் அளவுத் தாளில் வரைந்து மேஸ்திரியிடம் கொடுத்து, இன்றைய ஆள் கணக்கைப் போடச் சொல்லுங்கள். விளக்கம் சொல்லாமல் பாருங்கள். விரல் எங்கே நிற்கிறதோ அங்கே திரை தவறு. முதல் பதிப்பு வந்ததும் விலை குறைந்த, இரண்டு மூன்று ஆண்டு பழைய ஆண்ட்ராய்டு போனில் போட்டு, நண்பகலில் மொட்டை மாடியிலும், பிறகு கீழ்த்தளத்திலும், விமானப் பயன்முறையிலும் அதே வேலையைச் செய்து பாருங்கள். பேட்டரி 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்போதும் ஒரு முறை. போன் பின்னணி வேலைகளை அப்போது நிறுத்திவைக்கலாம்.

பிறகு ஒரே ஒரு பிளாக், ஒரே ஒரு குழு. மேஸ்திரியின் நோட்டை உடனே பிடுங்க வேண்டாம். அது கூடவே ஓடட்டும். சனிக்கிழமை கூலி போடும் முன் நோட்டுத் தொகையையும் செயலித் தொகையையும் ஆள்வாரியாக ஒப்பிடுங்கள். வேறுபடும் ஒவ்வொரு வரிக்கும் காரணம் கண்டுபிடியுங்கள். விட்டுப்போன அட்வான்ஸ், ஒரே பெயரில் இரண்டு பேர், வாரத்தின் நடுவில் மாறிய விகிதம் என்று பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். அடுத்தடுத்த இரண்டு சனிக்கிழமை ஒரு ரூபாய் வேறுபாடும் இல்லாமல் வந்தபின், அடுத்த பிளாக்குக்கும் ஸ்டோர் கணக்குக்கும் போகலாம்.